பெயர்ப்பலகையின் நாலாவது ஸ்க்ரூ

கதவுதான் அண்ணாச்சி. நீங்க பஸ் ஏறினதுல இருந்து பார்க்கிறீங்க, கேக்கத்தான் கூச்சப்படுறீங்க. கதவேதான். முழங்கால்ல இடிச்சா சொல்லுங்க, என் பக்கம் சாய்ச்சுக்கிறேன். மூலையில கம்பி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிறது ஒரு டெஸ்டரோட மிச்சம். கரண்ட் எல்லாம் கிடையாது, பயப்படாதீங்க. அது ஏன் அங்க இருக்குன்னு சொல்றேன். ஆனா அதுக்கு முதல்ல இருந்து வரணும்.

இந்தக் கதவுக்கும் டிக்கெட் வாங்கியிருக்கேன். கண்டக்டர் வேணாம்னுதான் சொன்னார். சும்மா ஓரமா சாத்தி வச்சுட்டு உக்காருப்பான்னார். நான்தான் விடல. நடுவுல செக்கிங் ஏறி, இது யாரு கதவுன்னு கேட்டா யார் பதில் சொல்றது? அவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துட்டு, மூட்டைன்னு போட்டுக் குடுத்தார். இது மூட்டை இல்லையே சார்னு சொன்னேன். முன்னாடி போனவர்தான், அப்புறம் இந்தப் பக்கமே வரல.

அந்தப் பையில இருக்கிற பூவும் வாழைப்பழமும் என்னோடதுதான். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாதுன்னு அம்மா குடுத்துவிட்டாங்க. கையில கதவு இருக்கேம்மான்னேன். அது கணக்குல வராதுன்னுட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா பூவையும் பார்த்து, கதவையும் பார்த்து, சீரா தம்பின்னு கேட்டாங்க. கட்டில் கேட்டாங்க, பீரோ கேட்டாங்க, இப்பக் கதவுமா கேக்கிறாங்கன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க. ஒரு விதத்துல மாப்பிள்ளை வீட்டுல கேட்டதுதான். ஆனா சீர் இல்ல.

கதவுல பலகை தெரியுது பாருங்க, தலைகீழா. கழுத்தை நல்லா சாய்ச்சாத்தான் படிக்க வரும். ‘ச. பேச்சிராஜா, பி.இ.’ பேச்சிராஜா நான்தான். பி.இ.தான் பிரச்சினை.

எங்க குடும்பத்துல காலேஜ் போன முதல் ஆள் நான். அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலயும் சேர்த்துத்தான் சொல்றேன். அப்பா கோவில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ்ல லாரிக்கு லோடு ஏத்துறவர். ஃபேக்டரிதான் அது. ஆபீஸ்னு சொல்றது எங்க பக்கத்து வழக்கம். கடைசிப் பரீட்சை எழுதிட்டு நான் வீட்டுக்கு வந்த அன்னைக்கு, எல்லாப் பரீட்சையும் எழுதியாச்சான்னு கேட்டார். எழுதியாச்சுன்னேன். கேட்டதுக்குச் சரியான பதில்தான் அது. நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள பலகை கதவுல இருந்தது.

முன்னாடியே செய்யச் சொல்லி வாங்கி, அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வச்சிருந்திருக்கார். ஸ்டீல் தகடு, வெட்டின எழுத்து. நாலு மூலைக்கும் நாலு ஸ்டார் ஸ்க்ரூ. கோயில் கொடைத் திருவிழாவுக்கு சீரியல் லைட் போட வந்தவங்ககிட்ட டிரில் மெஷினை இரவல் வாங்கி, அவரே முடுக்கிட்டார். மூட்டை தூக்கிப் பழகின கை. மெஷினையும் அதே மாதிரி நெஞ்சைக் குடுத்து அமுக்கியிருக்கார். மூணு ஸ்க்ரூ ஒழுங்காப் போயிடுச்சு. நாலாவது முழுசா இறங்கின பிறகும் அவர் விடல. மெஷின் சுத்திச் சுத்தி, ஸ்க்ரூ தலையில இருந்த ஸ்டார் குழி மழுங்கி, சின்னக் கிண்ணம் மாதிரி ஆயிடுச்சு. திருப்புளி வச்சா வழுக்கிக்கிட்டே போகும். இனிமே இதை எவனாலயும் கழட்ட முடியாதுன்னு தெருவைப் பார்த்துச் சொன்னார். எங்க அப்பா பொய் சொல்ல மாட்டார்.

ரிசல்ட் வந்தது. ஒரு பேப்பர் போயிடுச்சு. ஹீட் டிரான்ஸ்ஃபர்னு ஒரு பேப்பர், சூடு ஒரு பொருள்ல இருந்து இன்னொரு பொருளுக்கு எப்படிப் போகும்னு படிக்கிறது. அன்னைக்கே அப்பாகிட்ட சொல்லிட்டேன், பலகையைக் கழட்டிடலாம்னும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். ‘ஒரு பேப்பர்தான, திருப்பி எழுது. பலகை பாட்டுக்கு இருக்கட்டும். அது என்ன சோறா கேக்குது’ன்னார். எனக்குத்தான் சோறு இறங்கல. அன்னையில இருந்து நான் முன்வாசல் வழியாப் போறதில்ல. பின்பக்கம், பக்கத்து வீட்டு குருபாதம் மாமாவோட ஆட்டுக் கொட்டகையைத் தாண்டித்தான் போக்குவரத்து. இன்டர்வியூ ஒண்ணுக்கு அப்படிப் போனதுல, அவங்க என் சட்டை வாடையைப் பிடிச்சு, ஊர்ல விவசாயமான்னு கேட்டாங்க.

சரி, அதோட இருந்திருந்தா இந்தக் கதவு பஸ்ல வந்திருக்காது. எனக்கு ஒரு அக்கா. இசக்கிதேவி. டைலரிங் தெரியும், தெருவுல பாதிப் பேர் அவ தச்ச ஜாக்கெட்தான். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க. போன தடவை ஒரு இடம் வந்தது. தரகர் எங்க அப்பாவை சூப்பர்வைசர்னு சொல்லி வச்சிருக்கார். அவங்க கார்ல வர்ற வழியில ஆபீஸ்ல விசாரிக்க இறங்கி, லாரி மேல ஏறி நிக்கிற சூப்பர்வைசரைப் பார்த்துட்டு, அப்படியே வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. அக்கா பட்டுப்புடவை கட்டி, பூ வச்சு, உள்ள உக்காந்திருந்தா. நாங்க யாரும் போய்ச் சொல்லல. அவளா எழுந்து போய் மாத்திக்கிட்டா.

இப்ப புது இடம். மாப்பிள்ளை பேரு மந்திரமூர்த்தி, போஸ்ட்மேன். ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றதா சொல்லிவிட்டாங்க. நீங்களே சொல்லுங்க, போஸ்ட்மேன் வீட்டுக்குள்ள வந்தா முதல்ல எதைப் படிப்பார்? பொண்ணோட தம்பி இன்ஜினியர்னு நினைச்சுச் சரின்னு சொல்லிடுவாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் விஷயம் தெரிஞ்சா யாரு முகம் குடுக்கணும்? அக்காதான்.  அதனால, பாஸாகிற வரைக்கும் பலகையைக் கழட்டி வைக்கிறது, பாஸானதும் நானே மாட்டிடுறது. இதுதான் திட்டம். தகட்டுல ஒரு கீறல் விழக்கூடாது. அப்பா ராத்திரி சாப்பிட்டதும் வேட்டி நுனியால அதைத் துடைச்சுட்டுத்தான் படுப்பார்.

அப்பா வேலைக்குப் போனதும் ஆரம்பிச்சேன். மூணு ஸ்க்ரூ சுலபமா வந்துடுச்சு. நாலாவது வரல. மூணு போனதும் பலகை அந்த ஒத்தை ஸ்க்ரூவுல அப்படியே சுத்தித் தலைகீழாத் தொங்கிச்சு. அதுவரைக்கும் தெருவுல போறவங்க யாரும் அதைப் படிச்சதில்ல. இப்ப எல்லாரும் நின்னு, தலையைச் சாய்ச்சு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாங்க. மேல முருகன் காலண்டரை மாட்டி மறைச்சுப் பார்த்தேன். குருபாதம் மாமா வீட்டு அத்தை வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அடியில இருக்கிறது என் பேரு. பாவம்னு காலண்டரை எடுத்துட்டேன்.

நம்ம ஆம்பளைங்க எதை வேணா கடந்து போயிடுவாங்க அண்ணாச்சி. ரோட்டுல ஒருத்தன் அடிபட்டுக் கிடந்தாக் கூடக் கடந்து போயிடுவாங்க. வராத ஸ்க்ரூ ஒண்ணை மட்டும் கடந்து போக முடியாது.

முதல்ல குருபாதம் மாமா வந்தார். கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். என்னலே பண்ணுதன்னு கேட்டார். ஸ்க்ரூ வரலன்னேன். எதுக்குக் கழட்டுதன்னு கேட்டார். கேட்டா சொல்லணும் இல்லையா? ஒரு பேப்பர் நிக்குது மாமா, பொண்ணு பார்க்க வர்றாங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னேன். அவர், நான் ஏன்லே சொல்லுதேன், திருப்புளியைக் கொண்டான்னார். அவர் முறை, சைக்கிள் டியூப். டியூபைச் சின்னதா வெட்டி ஸ்க்ரூ தலை மேல வச்சு, அது மேல திருப்புளியை அமுக்கித் திருகணும். ரப்பர் குழிக்குள்ள போய்க் கவ்விக்குமாம். கவ்வத்தான் செஞ்சுது. ஆனா ரப்பர்தான் துண்டு துண்டா வந்தது. இப்ப வர்ற டியூப் எல்லாம் கலப்படம்னு சொல்லிட்டு ஆட்டைப் பார்க்கப் போயிட்டார்.

அடுத்தது டீக்கடை அந்தோணி அண்ணன். அவரும் எதுக்குன்னு கேட்டார். அவர்கிட்டயும் சொல்லி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னேன். அவர் பெரிய பட்டைத் திருப்புளி ஒண்ணை ஸ்க்ரூ தலையில வச்சு, சுத்தியலால ரெண்டு போடு போட்டார். புதுசா ஒரு குழி விழுந்து அதுல பிடிச்சுக்கும்னார். கிண்ணமா இருந்தது சட்டியா ஆச்சு. சுத்தியல்ல கனம் பத்தலன்னு சொன்னார். அவர் கொண்டுவந்த சுத்தியல்தான் அது. அப்புறம் ஒரு ஆட்டோக்காரர். கொறடு வச்சுத் தலையைப் பிடிச்சு இழுக்கப் பார்த்தார். தலை தகட்டுக்குள்ள அமுங்கி மட்டமா இருக்கு, கொறடுக்குப் பிடி கிடைக்கல. சரி, ஆக்ஸா பிளேடால தலைக்குக் குறுக்க ஒரு கோடு அறுத்தா, அதுல பட்டைத் திருப்புளியைக் குடுக்கலாம்னார். அறுத்தா தகடும் சேர்ந்து அறுபடும், நான் குறுக்க விழுந்து தடுத்தேன். அவருக்குக் கோபம். கதவே சரியில்லன்னு சொல்லிட்டுப் போனார். எட்டயபுரத்துல ஒரு பழைய வீட்டை இடிச்சப்போ எடுத்த தேக்கு அண்ணாச்சி இது. எங்க வீட்டை விட இந்தக் கதவுதான் உறுதி.

சாயங்காலம் அப்பா வந்தார். வாசல்ல கூட்டம், கூட்டத்துக்கு நடுவுல தலைகீழா என் பேரு. என்னைப் பார்த்தார். சத்தம் போடப் போறார்னு நினைச்சேன். அவர் ஸ்க்ரூவைத் தடவிப் பார்த்துட்டு, யார் யார் முயற்சி பண்ணினாங்கன்னு கேட்டார். சொன்னேன். ‘வரலயா’ன்னார். வரலன்னேன். ‘நான் முடுக்கினது’ன்னு சொல்லி, ஒரு நாற்காலியை எடுத்து வாசல்ல போட்டு உக்காந்துட்டார். கழட்டக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. அடுத்து யாரு வர்றதுன்னு கேட்டார்.

எனக்கு அப்ப ஒரு யோசனை வந்தது. ஸ்க்ரூவைச் சூடாக்கினா விரியும். விரிஞ்சு சுத்தி இருக்கிற மரத்தைத் தள்ளும். ஆறும்போது சுருங்கும், பிடி தளரும். நண்பன் ஒருத்தன்கிட்ட ரேடியோக்கு ஈயம் பத்த வைக்கிற சூட்டுக்கோல் இருந்தது, வாங்கிட்டு வந்தேன். அப்பா, ‘இதுதான் அந்தப் பேப்பரா?’ன்னு கேட்டார். ஆமான்னேன். நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டார். காலேஜ்ல நான் என்னதான் படிச்சேன்னு அவர் கண்ணால பார்க்கப் போறது அதுதான் முதல் தடவை. சூட்டுக்கோலை ஸ்க்ரூ தலையில வச்சு அமுக்கினேன்.

சூடு ஸ்க்ரூவுல நிக்கல அண்ணாச்சி. தகடு முழுக்கப் பரவிடுச்சு. தகட்டை ஆடாம பிடிச்சுக்கிட்டு இருந்தது என் இடது கை. நான் போட்ட சத்தத்துல ஆடு எல்லாம் கத்துச்சு. அக்கா பற்பசை கொண்டுவந்து விரல்ல தடவிவிட்டா. ‘ஏன் ஃபெயில் போட்டாங்கன்னு இத்தனை நாளா எனக்கு விளங்கல. பாவம், அவங்க மேல தப்பு இல்லடா’ன்னா. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்துட்டு, இது மட்டும் ஜில்லுன்னு இருக்குதேன்னார்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சுது. பலகை அங்கயேதான் இருக்கு. அப்பா காராச்சேவு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். பலகை கதவை விட்டு வரலன்னா, கதவு வீட்டை விட்டு வரலாமே. கீல்ல இருந்த ஸ்க்ரூ எல்லாம் வெண்ணெய் மாதிரி வந்துச்சு. அவ்வளவு பழைய ஸ்க்ரூ, அவ்வளவு மரியாதை. கதவைத் தூக்கிக்கிட்டுப் போய் பின்வாசல்ல, துவைக்கிற கல்லு மேல படுக்கப் போட்டுட்டு, வாசலுக்கு அம்மாவோட பச்சைப் புடவையைத் திரையாக் கட்டிவிட்டேன். அப்பா காராச்சேவோட வந்தவர், அடையாளம் தெரியாம வீட்டைத் தாண்டிப் போயிட்டார். அப்புறம் திரும்பி வந்தார். ‘கதவு எங்கடா?’ன்னார். படுத்திருக்குன்னேன். அதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க.

மாப்பிள்ளை, அவர் அப்பா, அவர் அம்மா. மாப்பிள்ளையோட அப்பா பேரு தங்கமாடசாமி. ரேஷன் கடையில எடை போட்டு ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில எப்பவும் ஒரு டெஸ்டர் குத்தியிருக்கும். அந்த மாதிரி ஆள் உங்க ஊர்லயும் ஒருத்தர் இருப்பார். எல்லாரும் உக்காந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா காத்துல ஆடுற புடவையையே பார்த்துட்டு, கதவு வேலை நடக்குதான்னு கேட்டாங்க. கரையான்னு சொல்லச் சொல்லி அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார். கரையான் எவ்வளவு நல்ல பதில். எனக்கு வாயில வரல. எழுந்து நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். பலகை, ஒரு பேப்பர், ஸ்க்ரூ, ஏமாத்த மனசு வரல, அக்காவுக்கு இதுல எந்த சம்பந்தமும் இல்ல, எல்லாத்தையும். அப்பா காராச்சேவுத் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். 

அந்த அம்மா, ‘தெரியும் தம்பி. வர்ற வழியில டீக்கடையில விசாரிச்சோம், சொன்னாங்க’ன்னாங்க.

டீக்கடைக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல அண்ணாச்சி. நான் சொன்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னுதான் சொன்னேன்.

மாப்பிள்ளையோட அப்பா மட்டும் வேற யோசனையில இருந்தார். ‘என்ன ஸ்க்ரூ? ஸ்டாரா?’ன்னார். ஸ்டார்னேன். தலை எப்படின்னார். சட்டின்னேன். ‘எங்க இருக்கு?’ன்னு எழுந்துட்டார். அவ்வளவுதான். பொண்ணு பார்க்க வந்த ஆம்பளைங்க எல்லாரும் பின்வாசலுக்கு வந்துட்டாங்க. குருபாதம் மாமாவும் சுவரு மேல சாய்ஞ்சு நின்னுக்கிட்டார். உள்ள அம்மாவும் அந்த அம்மாவும் அக்காவும் என்னமோ பேசிக்கிட்டு இருந்தாங்க. என்னன்னு எனக்குத் தெரியாது. முக்கியமான விஷயம் எல்லாம் வெளியிலதான் நடந்துக்கிட்டு இருந்தது.

தங்கமாடசாமி மாமா டெஸ்டரை எடுத்தார். இதால நான் திறக்காத சாமானே கிடையாதுன்னார். வழுக்கிச்சு. உடனே பசை இருக்கான்னு கேட்டார். அக்கா தையல் மெஷின் பெட்டியில வச்சிருந்த, தொட்டா ஒட்டிக்கிற பசையைக் கொண்டுவந்தேன். ஸ்க்ரூ தலையில நிறைய ஊத்தி, டெஸ்டரை அதுக்குள்ள நட்டு வச்சுட்டார். இப்ப டெஸ்டரும் ஸ்க்ரூவும் ஒண்ணு, காய்ஞ்சதும் திருகினா ரெண்டும் சேர்ந்து வரும்னார். நல்ல யோசனைதான். காய விட்டார்.  திருகினார். கைப்பிடி படக்குன்னு கையோட வந்துடுச்சு. கம்பி மட்டும் ஸ்க்ரூ மேல நிக்குது. இந்தா, இதுதான் அது. அவருக்கு முகமே மாறிப்போச்சு. எங்க அப்பா, நான் முடுக்கினது அண்ணாச்சின்னு மெதுவாச் சொன்னார். அவர் காதுல விழுந்துடுச்சு. இது மரத்தோட குத்தம்னார் அவர். அப்பா, மரம் நல்ல மரம்னார். ரெண்டு பேருக்கும் குரல் ஏறுது.  ஒரு சம்பந்தம் லாரியால போச்சு, இன்னொண்ணு ஸ்க்ரூவால போகப் போகுதுன்னு நினைச்சேன்.

அப்ப குருபாதம் மாமா சுவரு மேல இருந்து, மாப்பிள்ளை கையில குடுங்கப்பான்னார். மாப்பிள்ளை அதுவரைக்கும் தலையைச் சாய்ச்சு என் பேரைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தார். எத்தனையோ வாசல்ல எத்தனையோ பலகை பார்த்திருக்கேன், படுத்துக்கிட்டு இருக்கிற பலகை இதுதான் முதல்னார். கொறடைக் கையில குடுத்தாங்க. உக்காந்தார். கம்பியை ரெண்டு தடவை பிடிச்சுத் திருகிப் பார்த்தார். அப்புறம் கொறடைக் கீழ வச்சுட்டு, ‘எனக்கு வரல. என்னால முடியாது’ன்னார்.

அவ்வளவுதான் அண்ணாச்சி. வேற ஒரு வார்த்தை இல்ல. கொறடு சரியில்லன்னாவது சொல்லலாம் இல்லையா? மத்தவங்க எல்லாரும் எவ்வளவு நேரம் போராடினாங்க. இவர் உக்காந்த சூடு ஆறல, எழுந்துட்டார். ஒரு பிடிமானமே இல்லாத ஆளா இருக்காரேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. 

அக்கா காபித் தட்டோட பின்வாசல் நிலையில நின்னுக்கிட்டு இருந்தா. எப்ப வந்தான்னு தெரியல. நேரா வந்தவ, பெரியவங்க ரெண்டு பேர் நிக்கும்போது, அவங்களைத் தாண்டிப்போய் முதல் டம்ளரை மாப்பிள்ளைகிட்ட நீட்டினா. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? அதோட விடல. சக்கரை சரியா இருக்கான்னு வேற கேட்டா. அவர் குடிச்சுப் பார்த்துட்டு, கொஞ்சம் கம்மின்னார். பொண்ணு பார்க்கப் போன இடத்துல யாராவது கம்மின்னு சொல்வாங்களா? அக்கா சிரிச்சா. சத்தமா. அந்தக் கார் திரும்பிப் போனதுக்கு அப்புறம் அவ அப்படிச் சிரிச்சு நான் பார்க்கல. சக்கரை எடுக்க உள்ள போனவ, அம்மாகிட்ட தனக்குச் சம்மதம்னு சொல்லிட்டா.

எதை வச்சுச் சொன்னான்னு எனக்கு விளங்கவே இல்ல. அன்னைக்கு ராத்திரி கேட்டேன், அந்த ஆளு ரெண்டு திருகுல விட்டுட்டாரேக்கான்னு. ‘நீ ஸ்க்ரூவையே பார்த்துக்கிட்டு இருந்தியாக்கும்’ன்னா. பின்ன எதைப் பார்க்கிறது?

பூ வச்சுட்டுக் கிளம்பும்போது, எங்களுக்குன்னு ஒண்ணும் வேண்டாம்னு அவங்க வாய்விட்டுச் சொல்லிட்டாங்க. நகை, பாத்திரம் எல்லாம் உங்க இஷ்டம்னாங்க. தங்கமாடசாமி மாமா மட்டும் செருப்பைப் போட்டுக்கிட்டே அப்பாவைத் தனியாக் கூப்பிட்டு, அந்த ஸ்க்ரூவை நான்தான் கழட்டுவேன், அதுவரைக்கும் கதவை மாட்டாதீங்கன்னார். அவர் கேட்ட ஒரே ஒரு விஷயம் அதுதான். நாங்க பொண்ணு வீடு. தட்ட முடியுமா? அன்னையில இருந்து எங்க வீட்டுக்கு முன்னால புடவைதான். அப்பா நிலைக்குக் குறுக்க படுத்துக்கிறார். ஆடு அவரைத் தாண்டி உள்ள வந்து போகுது.

போன வாரம் தங்கமாடசாமி மாமா போன் பண்ணினார். உடைஞ்ச ஸ்க்ரூவை எடுக்கிறதுக்குன்னே ஒரு சாமான் வரவழைச்சிருக்காராம். எதிர்ப்பக்கமா மரை போட்ட கூர்க்கம்பி அது. ஸ்க்ரூ தலையில நடுவுல டிரில் போட்டு, இதை அதுக்குள்ள விட்டு எதிர்ப்பக்கமாத் திருகினா, இது இறுக இறுக ஸ்க்ரூ கழண்டு வந்துடுமாம். நானும் படிச்சுப் பார்த்தேன், அது சரியான முறைதான். அவரே கிளம்பி வந்திருப்பார். ஆனா ஆடி பிறந்துடுச்சு. கல்யாணம் பேசி வச்ச இடத்துக்கு ஆடியில சம்பந்தி வரக்கூடாதாம். கதவு போகலாமான்னு அம்மா பெரியவங்ககிட்ட விசாரிச்சாங்க. கதவைப் பத்தி எந்த சாஸ்திரமும் சொல்லல. அதான் நான் கொண்டு போறேன்.

இல்ல அண்ணாச்சி, வாழ்த்து எல்லாம் சொல்லாதீங்க. நீங்க நல்ல மனசோட, சீக்கிரம் பாஸாயிடுவே தம்பின்னு சொல்றீங்க. கேட்டுக்கிட்டு சும்மா இருக்க எனக்கு முடியல. உங்ககிட்ட மறைக்கிறது தப்பு.

பாஸாயிட்டேன். திருப்பி எழுதின அந்தப் பேப்பர் ரிசல்ட் இன்னைக்குக் காலையில வந்துடுச்சு. கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு இருக்கும்போது போன்ல பார்த்தேன். அப்பாவுக்குக் கூப்பிட்டேன், லோடு ஏத்திக்கிட்டு இருந்தார். லாரிச் சத்தத்துக்கு மேல கத்தி, பாஸாயிட்டேம்ப்பான்னேன். லாரியை விட்டு இறங்கித் தள்ளிப் போனார் போல, சத்தம் குறைஞ்சுது. அப்புறம், ‘அப்ப அதுல எழுதியிருக்கிறது சரிதான?’ன்னார். சரிதாம்ப்பான்னேன். இன்னொரு தடவை சொல்லுன்னார். சொன்னேன். குரல் ஒரு மாதிரி இருந்தது. மூக்குல தீப்பெட்டித் தூசி ஏறியிருக்கும்.

அப்ப இந்த ஸ்க்ரூவை இனிமே கழட்டவே வேண்டாம். பாருங்க, பலகை உண்மையாயிடுச்சு. திருப்பிக் கதவை மாட்டிட்டு, பலகையை நேராக்கி, மிச்ச மூணு ஸ்க்ரூவையும் போட்டா முடிஞ்சுது. நான் கயிறை அவிழ்க்க ஆரம்பிச்சுட்டேன். அப்பப் பார்த்து மாமா போன். விடியக்காலையிலேயே எழுந்து குளிச்சு, டிரில்லைச் சோதிச்சுப் பார்த்து வச்சிருக்காராம். தெருக்காரங்களை எல்லாம் வரச் சொல்லியிருக்காராம். பஸ் ஏறிட்டியா மாப்பிள்ளைன்னார். என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா போனை வாங்கி, கிளம்பிட்டான் மாமான்னு சொல்லி வச்சுட்டா. கயிறை அவளே திருப்பிக் கட்டினா. ‘ரிசல்ட்டைப் பத்தி அவர்கிட்ட மூச்சு விட்டே, அப்புறம் நடக்கிறதே வேற’ன்னா.

எனக்கு இது பழக்கம் இல்ல அண்ணாச்சி.  கேக்காத விஷயத்தைச் சொல்லாம இருக்கிறது பொய்ல சேருமா? நீங்க பெரியவங்க, சொல்லுங்க. அவர் கேட்டா சொல்லிடுவேன். கேக்கலன்னா? பரீட்சை எப்ப எழுதினே, ரிசல்ட் எப்பன்னு கேக்க மாட்டார். அவருக்கு அந்த ஸ்க்ரூவைத் தவிர வேற எதுவும் கண்ணுல தெரியாது.

அந்தா, ஸ்டாப் வந்துடுச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கையில டிரில்லோட நிக்கிறாரே, அவர்தான். பின்னாடி இருக்கிறது அவர் தெரு. மேளம் மட்டும்தான் இல்ல. நீங்களும் இங்கதான் இறங்கணுமா? அப்ப அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க. மெதுவா, மெதுவா, கம்பி குத்திடும். வணக்கம் மாமா, இந்தா இறங்கிட்டேன்.

அண்ணாச்சி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், அந்த விஷயம் உங்களோட இருக்கட்டும். ஸ்க்ரூ வந்ததும் நானே அவர்கிட்ட சொல்லிடுவேன்.

வந்தா.